நண்டு சாப்பிட்டால் தம்பியும் சாப்பிடுவான்

நம் வயசுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாப்பிட மறுக்கிற பிள்ளைக்கு உங்கள் வீட்டில் எதைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள்? நிலாவைக் காட்டியிருப்பார்கள். காக்காயை, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியை, கொஞ்சம் பெரிய ரோட்டுப் பக்கம் வீடு என்றால் போகிற வருகிற பஸ்ஸை. பூச்சாண்டியைக் காட்டி ஊட்டினவர்களும் உண்டு, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் நண்டைக் காட்டி ஊட்டினார்கள். அதுவும் திருவண்ணாமலையில், கோயில் குருக்கள் வீட்டில்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

நயா பைசா வந்து கடைக்காரரும் வாங்குகிறவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. எனக்கு ஒன்பது வயசு இருக்கும். தம்பிக்கு ஐந்து. ஐப்பசி மழையோடு அவனுக்கு டைபாய்டு ஜுரம் வந்தது. அப்போது நாங்கள் அதை விஷஜுரம் என்போம். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு பையன் இருந்தான், அவனை இதே மாதிரி ஒரு ஜுரம்தான் கொண்டுபோயிற்று. அதனால் தம்பி படுத்த நாளிலிருந்து அம்மா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அடுப்படிக்கும் அவன் படுக்கைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். அப்பா கோயிலிலிருந்து வந்ததும் வேஷ்டியில் கர்ப்பூர வாசனையோடு அவன் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் விபூதி இடுவார். விபூதி வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கும். மறுபடி இடுவார்.

ஜுரம் இறங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் சங்கடமே ஆரம்பித்தது. பிள்ளை சாப்பிட மாட்டேன் என்றான். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. முழங்கால் மூட்டுதான் காலிலேயே பருமனான இடம். பார்லிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, குழைய வடித்த சாதத்தில் ஈயச்சொம்பு ரசம் என்று அம்மா எதைக் கொண்டுவந்தாலும் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். அழ மாட்டான், அடம் பிடிக்க மாட்டான். அழுதால்கூடத் தேவலை என்று அம்மா சொல்வாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு ரேழியில் நின்றுகொண்டே சொன்னார். "மருந்து செய்யறதை மருந்து செஞ்சாச்சு சாமி. இனிமே சாப்பாடுதான். பையன் உடம்பு தேறணும். தேறலைன்னா ஜுரம் திரும்பும். திரும்பிட்டா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை." கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நானும்தான்.

இப்படி இருக்கையில் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. கோயில் வேலை தனக்கு ஒத்துவராது என்று ராமேஸ்வரத்துப் பக்கம் ரயில்வேயில் சேர்ந்தவர். எப்போது வந்தாலும் யாருக்கும் உபயோகப்படாத சாமான் ஏதாவது கையில் இருக்கும். ஒரு தடவை பனையோலைத் தொப்பி, ஒரு தடவை உடைந்த திசைகாட்டி. இந்தத் தடவை தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சீமாட்டி படம் போட்ட ஒரு பிஸ்கட் டின். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே கரக், கரக் என்று ஏதோ சுரண்டிக்கொண்டிருந்தது.

தம்பி அத்தனை நாளில் முதல் தடவையாகச் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினான்.

டின்னுக்குள் ஈர மணல், அதன்மேல் இரண்டு சங்கு. பெரியது எலுமிச்சம்பழம் அளவு, சின்னது நெல்லிக்காய். சங்குதானே என்று நான் கையை நீட்டினேன். பெரிய சங்கு எழுந்து நடந்தது! நான் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். ஊதா நிறத்தில் ஒரு பெரிய கொடுக்கு, ஒரு சின்னக் கொடுக்கு, கடுகு ஒட்டினாற்போல இரண்டு கண், முன்னால் துழாவிக்கொண்டே போகிற மீசை. தொட்டால் போதும், சட்டென்று உள்ளே போய்க் கொடுக்கால் வாசலைச் சாத்திக்கொள்ளும்.

"வேற எதுவோட சங்குக்குள்ளயோ போய்க் குடியிருக்கும். வளர வளர வேற சங்கு தேடிக்கும். வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது" என்றார் சித்தப்பா.

"என்ன சாப்பிடும்?" என்று கேட்டான் தம்பி. குரல் எலிக்குஞ்சுக் குரல்.

"எது குடுத்தாலும் சாப்பிடும்டா. அங்கே கரையில என்ன கிடக்கோ அதெல்லாம் சாப்பிடும். வலைக்காரா காயப்போட்டிருக்கறது மேலகூட ஏறி மேயும்" என்று சொல்லிவிட்டு, எதிரில் அப்பா நிற்பதைப் பார்த்ததும் சித்தப்பா பேச்சை மாற்றினார். ஒரு மருந்து பாட்டிலில் கடல் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார். மறுநாள் ரயிலேறிப் போய்விட்டார். வளர்க்கிற பாடு எங்களுக்கு.

வாய் அகன்ற ஓட்டைப் பானை ஒன்றில் ஈர மணலைப் போட்டு முற்றத்து ஓரம், தம்பி படுக்கையிலிருந்து பார்க்கிற மாதிரி வைத்தோம். பெரிய நண்டுக்குத் தம்பி 'பெரிய மாமா' என்று பேர் வைத்தான். எந்த மாமாவை நினைத்து வைத்தானோ, கேட்டதற்குச் சொல்லவில்லை. சின்னது 'குட்டி'.

அன்றைக்கு அம்மா ரசம் சாதத்தோடு வந்தபோது தம்பி ஒரு நிபந்தனை போட்டான். "பெரிய மாமா சாப்பிட்டா நானும் சாப்பிடறேன்."

அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். இதென்ன பிரமாதம், ஒரு பிடி சாதம்தானே! பானைக்குள் ஒரு கவளம் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் பானையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய மாமா வெளியே எட்டிப் பார்க்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மெல்ல வந்தது, மீசையால் சாதத்தைத் தடவிப் பார்த்தது, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் அந்த நண்டுகளுக்கு நடந்த உபசாரம் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது. தயிர் சாதம். முளைக்கீரை மசியல். பூவன் பழம் வட்ட வட்டமாக நறுக்கி. அம்மாவின் பிறந்தகம் கீழ்பென்னாத்தூர் பக்கம், அங்கிருந்து மூட்டையாக வருகிற மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுக்காமல், வறுத்து, உடைத்து, பொடித்து என்று நான்கு விதமாக. கோயில் வெண்பொங்கல், புளியோதரை, சுண்டல். தேங்காய்த் துருவலைக் குட்டி கொஞ்சம் கிள்ளித் தின்றது. அன்று தம்பி நாலு வாய் வாங்கிக்கொண்டான், அம்மா கொல்லைப்பக்கம் போய் அழுதாள். மறுநாள் தேங்காயும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. புது இடம், பயம், குளிர் என்று இப்போது ஆயிரம் காரணம் தோன்றுகிறது. அன்று யாருக்குத் தெரியும்?

நான்கூட ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். அவன் கண்ணசந்த நேரம் பானையிலிருந்த சாதத்தில் பாதியை எடுத்துக் காக்காய்க்குப் போட்டுவிட்டு, "பெரிய மாமா சாப்பிட்டாச்சுடா" என்றேன். அவன் எழுந்து உட்கார்ந்து பானைக்குள் பார்த்தான். "அது கிள்ளிக் கிள்ளித்தான் சாப்பிடும். இது அள்ளின மாதிரி இருக்கு" என்றான். ஐந்து வயசுப் பிள்ளை!

அப்பாவுக்கோ நண்டின் ஆகாரத்தைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. "நம்மாத்துக்கு வந்தா எதுவா இருந்தாலும் சைவம்தான். பூனை மோர் சாதம் சாப்பிடறதா இல்லையா? அதுபாட்டுக்கு பசிச்சா சாப்பிடும்" என்பார். எங்கள் வீட்டுப் பூனை மோர் சாதம் சாப்பிட்டது வாஸ்தவம். அதற்குமேல் அது யார் வீட்டுக் கூரையில் என்ன சாப்பிட்டது என்று அப்பா போய்ப் பார்த்ததில்லை.

கார்த்திகை பிறந்தது. தீபத்துக்கு இருந்துவிட்டுப் போகலாம் என்று அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினாள். நல்லவள்தான். ஆனால் ஒரு வீட்டில் கால் வைத்தால் அந்த வீட்டு மடி ஆசாரத்தைத் தராசில் போட்டுப் பார்க்காமல் விட மாட்டாள். அவள் வந்த சமயத்தில்தான் நண்டுகள் சாப்பிட ஆரம்பித்தன.

அதிசயமாகத்தான் இருந்தது. அம்மா ஒரு கொட்டாங்கச்சியில் ரசம் சாதத்தைப் பிசைந்து கொண்டுவந்து பானைக்குள் வைப்பாள். வைத்த சூட்டோடு பெரிய மாமா வந்துவிடும், பின்னாலேயே குட்டி. இரண்டு கொடுக்காலும் மாற்றி மாற்றிக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வதைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீட்டில் பேச்சு சுவாரசியத்தில் பாக்கை எடுத்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் மாமிகள் மாதிரி. தம்பி கண் கொட்டாமல் பார்ப்பான். அது ஒரு வாய், இவன் ஒரு வாய். ரசம் சாதம் போய்ப் பருப்பு சாதம் வந்தது, கொஞ்சம் நெய் வந்தது. கன்னத்தில் லேசாகச் சதை தெரிந்தது. ஒரு நாள் தானாக எழுந்து நடு முற்றம் வரை நடந்துபோய் மலையைப் பார்த்துவிட்டு வந்தான்.

சைவ நண்டு என்று தேரடி வரைக்கும் பேச்சு போய்விட்டது. கோயிலுக்கு வருகிறவர்கள் எங்கள் வீட்டிலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "நண்டுகூட இந்த மண்ணுக்கு வந்தா மாறிடறது பார்த்தேளா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்பா சந்தோஷமாக வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அத்தை இன்னொன்றும் சொன்னாள். எங்கள் அம்மாவுக்கு மடி முற்றிவிட்டது என்று. அம்மா விடியற்காலையில் குளிப்பதோடு, சாயங்காலம் நண்டுக்குச் சோறு வைப்பதற்கு முன்னாலும் ஒரு தடவை தலைக்கு விட்டுக்கொண்டாள். கார்த்திகை மாசத்துக் குளிர் உங்களுக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்குகிற காற்று கொல்லை வேலியைத் தாண்டி நேராகக் கிணற்றடிக்குத்தான் வரும். வெந்நீர் போட்டுக்கொள்ளவும் மாட்டாள், விறகு ஈரம் என்பாள். நண்டுப் பானையைச் சுற்றி தினம் சாம்பிராணிப் புகை வேறு. "முன்னெல்லாம் நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேக்கல. இப்போ பாரு, நண்டுக்குக்கூட சாம்பிராணி போடறா. எல்லாம் என் வளர்ப்பு" என்று அத்தை அப்பாவிடம் பெருமை அடித்துக்கொண்டாள். அம்மா இருமிக்கொண்டே அடுப்பை ஊதினாள். அந்த இருமல் நாளுக்கு நாள் ஜாஸ்தியாகிக்கொண்டே போனது.

ஒரு சாயங்காலம் நான் கொல்லைக்குப் போனபோது, அம்மா கிணற்றுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு கருங்கல்மேல் எதையோ இரண்டே விரலால் பிடித்து இன்னொரு கல்லால் பொடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதிரி வாடை.

"என்னம்மா அது?"

"நண்டுக்கு மருந்து" என்றாள் அம்மா, நிமிராமலே. "கிட்ட வராதே. உள்ளே போ."

மருந்து என்றால் நாற்றமாகத்தானே இருக்கும்? நான் நம்பிவிட்டேன். அன்று அப்பாவிடமும் சொன்னேன், அம்மா நண்டுக்கு மருந்து இடிக்கிறாள், ஒரே வாடை என்று. அப்பா மடித்துக்கொண்டிருந்த வெற்றிலையைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் கொல்லைப்பக்கமே பார்த்தார். "அப்படியா, சரி" என்றார். அவ்வளவுதான்.

அது என்ன வாடை என்று எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆயிற்று. கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்று, சென்னையில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். கீழ் வீட்டுக்காரர்கள் தங்கமானவர்கள். ஒரு நாள் அவர்கள் அடுப்படியிலிருந்து படியேறி வந்தது அந்த வாடை. நான் காயப்போட்டுக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றேன். கீழே போய், "இது என்ன வாசனை?" என்று கேட்டேன். அந்த அம்மாள் சங்கடப்பட்டுக்கொண்டு, "கருவாடுங்க, ஜன்னலை வேணா சாத்திடறேன்" என்றாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்து உட்கார்ந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த வாரமே பஸ் ஏறி ஊருக்குப் போனேன்.

அம்மாவுக்கு அப்போது பல் போய்விட்டது, நினைவு போகவில்லை. நான் கேட்டதும் முதலில் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். முப்பது வருஷம் கழித்தும்! அப்புறம் சொன்னாள்.

வலைக்காரர்கள் காயப்போட்டிருப்பதன்மேல் ஏறி மேயும் என்று சித்தப்பா சொன்னாரே, அதை அன்றே பிடித்துக்கொண்டாளாம். அது மீன் என்று புரிந்தது. எங்கே கேட்பது, யாரைக் கேட்பது என்றுதான் புரியவில்லை. கடைசியில் அடி அண்ணாமலையிலிருந்து தினம் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே பால் கறந்து கொடுக்கும் பால்காரம்மாவைக் கொல்லைக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். அவள் செம்பைக் கீழே போடாத குறை.

"இன்னாம்மா சொல்ற நீ? குருக்கள் வூட்டுக்கு நான் கருவாடு எடுத்தாறதா? நா மாட்டேம்மா. ஊருக்குத் தெரிஞ்சா ஒரு வூட்ல பால் வாங்குவாங்களா என் கையால? அந்த அண்ணாமலையாரு கண்ண அவிச்சிடுவாரு."

"அவிக்கறதுன்னா என் கண்ணை அவிக்கட்டும். நீ கொண்டு வா" என்றாளாம் அம்மா.

அந்தம்மா அப்படியும் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் கொண்டுவந்தாள், மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கு மூட்டைக்குள் புதைத்து, வாழைச் சருகில் சுற்றி. கையில் கொடுக்கக்கூட மாட்டேன் என்று துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடிப்போனாளாம். அப்புறம் அப்புறம் பழகிவிட்டது. "இன்னைக்கு நெத்திலிம்மா, நல்லா துன்னும்" என்று சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு.

அம்மா அதைத் தொட்ட கையோடு அடுப்படிக்கு வர முடியுமா? அப்பா சுவாமியைத் தொட்டுப் பூஜை பண்ணுகிறவர். வெளியே தெரிந்தால் கோயிலில் அவருடைய பூஜை முறைக்கே ஆபத்து, பங்காளிகளே பிடுங்கிவிடுவார்கள் என்று அம்மாவுக்கு உள்ளூர நடுக்கம். இதற்காகத்தான் அந்தக் குளியல். அதைப் பொடித்து, ரசம் சாதத்தில் கலந்து கொட்டாங்கச்சியைக் கொல்லையில் கவிழ்த்து மூடி வைத்துவிட்டு, தலைக்கு விட்டுக்கொண்டு, கை படாமல் வாழை இலையால் பிடித்துக்கொண்டுபோய்ப் பானைக்குள் வைத்திருக்கிறாள். அத்தை பார்த்த மடி இதுதான்.

நண்டுகள் கடைசியில் என்ன ஆயின என்று கேட்பீர்கள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தை மாசம் சித்தப்பா வந்து திரும்பக் கொண்டுபோய்க் கடற்கரையில் விட்டார். விட்டேன் என்று சொன்னார். வழியில் ரயிலிலேயே யாராவது குழந்தை ஆசையாகப் பார்த்திருந்தால் டின்னோடு தூக்கிக் கொடுத்திருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அதற்குள் தம்பி தெருவில் கோலி ஆடிக்கொண்டிருந்தான், நண்டை மறந்துவிட்டான்.

ஆனால் நான் சொல்ல வந்தது தீபத்துக்கு மறுநாள் நடந்தது.

தீபமென்றால் அப்போது எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ரயிலில், மாட்டு வண்டியில், ஜட்காவில் என்று சொந்தம் எல்லாம் வந்து இறங்கிவிடும். முற்றத்தில், கூடத்தில், ரேழியில் படுக்கை. கிணற்றடியில் எப்போதும் நாலு பேர். அம்மாவுக்குக் கொல்லையில் தனியாகக் குந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. போதாததற்கு அந்த வாரத்துச் சோமவாரத்தன்று அத்தை ஒரு புது உத்தரவு போட்டாள், சைவ நண்டாகிவிட்டதால் அதற்கும் இன்று உபவாசம் என்று. எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. நண்டு உபவாசம் என்றால் அவனும் உபவாசம். அப்புறம் தீபத்தன்றைக்கு நண்டைக் கவனிக்க ஆளில்லை. அன்றும் அவன் பேருக்கு இரண்டு வாய் பால் குடித்ததோடு சரி. கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம். மலை உச்சியில் தீபம் எரிவது முற்றத்திலிருந்தே தெரிந்தது. அத்தை தன் சம்பந்தி மாமாவைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு வந்தாள். அவர் சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், கம்பீரமான மனுஷர். அவரிடம் சைவ நண்டைக் காட்ட வேண்டும். வீடே பானையைச் சுற்றிக் கூடிவிட்டது. நடுவே தம்பி, மடியில் பருப்பு சாதத் தட்டோடு. அத்தை ஒரு வில்வ இலையில் கோயில் பொங்கலை வைத்து, பானைக்குள் இறக்கினாள்.

"இப்போ பாருங்கோ."

பார்த்தோம். பெரிய மாமா வந்தது. பொங்கலைத் தடவியது. திரும்பிப் போய்ப் பானை ஓரத்தில் வாசலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அத்தை குச்சியால் தள்ளிப் பார்த்தாள். குட்டி எட்டியே பார்க்கவில்லை.

"என்ன, உங்காத்து நண்டு இன்னும் விரதம் முடிக்கலையா?" என்றார் சம்பந்தி மாமா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தம்பி தட்டைக் கீழே வைத்தான். "அது சாப்பிடல. எனக்கு வேண்டாம்." அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கூட்டத்துக்குள் நுழைந்து வந்த அம்மா புறங்கையை அவன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. நானும் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

அம்மாவின் முகத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. நேரே எழுந்து கொல்லைக்குப் போனாள். பொடிக்கவில்லை, சாதத்தில் கலக்கவில்லை, சாம்பிராணி போடவில்லை. வாழைச் சருகை அப்படியே எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் நடந்து வந்து, பானைக்குள் வெறும் கையால் ஒரு துண்டைப் போட்டாள்.

வாடை குப்பென்று எழுந்தது. முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். பெரிய மாமா சங்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. குட்டியும் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டது. கிள்ளிக் கிள்ளி, மாற்றி மாற்றி. தம்பி முழங்காலில் எழுந்து நின்று பார்த்தான். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டான். யாரும் ஊட்டவில்லை. தன் கையாலேயே எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"என்னடி இது நாத்தம்?" அத்தை புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன எழவைக் கொண்டுவந்து போட்டே?"

அம்மா வாயைத் திறந்தாள். எதையும் மறைக்கப் போவதில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. சம்பந்தி மாமா சென்னையில் இருந்தவரில்லையா, அவருக்குப் புரிந்துவிட்டது போல. மேலே தீபத்தைப் பார்க்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரேழி நிலைப்படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அன்று அவருக்குப் பகல் முறை, முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு பார்த்தார் என்று தெரியாது.

"மருந்து, அக்கா" என்றார் அப்பா. "டாக்டர் குடுத்தது. மருந்துன்னா நாறத்தான் நாறும்."

அத்தை ஏதோ சொல்ல வந்தாள். "குழந்தை சாப்பிடறான். எல்லாரும் கொஞ்சம் நகந்து நில்லுங்கோ, காத்து வரட்டும்" என்று அப்பா இரைந்தார். அவர் இரைந்து நான் கேட்டதில்லை. கூட்டம் கலைந்தது. அத்தையும் முணுமுணுத்துக்கொண்டே கூடத்துக்குப் போனாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அம்மா என்னிடம் சொன்ன அதே வார்த்தையை அப்பாவும் சொல்லிவிட்டார், அப்போ அது மருந்துதான்! ஒன்பது வயசுப் புத்தி அவ்வளவுதான் எட்டும். அதுவரை பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியறியாத மனுஷர், சுவாமி பிரசாதம் இருந்த கையோடு நின்று சொன்ன பொய் அது என்று இப்போதல்லவா தெரிகிறது.

அப்பா நேரே கிணற்றடிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். வாளி வாளியாக இறைத்துத் தலையில் கொட்டிக்கொண்டார். அந்தக் குளிரில் அவர் தோளிலிருந்து ஆவி எழுந்தது. எதற்கு இத்தனை வாளி என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஈர வேஷ்டியோடு அவர் திரும்பியபோது, அம்மா மாற்றுப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயில் தலைப்பை வைத்து இருமலை அடக்கிக்கொண்டு, தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அப்பா வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ குளிக்க வேண்டாம்" என்றார். "உனக்கும் சேத்து நான் குளிச்சாச்சு. இத்தனை நாள் குளிச்சதே போதும். போய் உலை வை, எல்லாரும் பசியோட இருக்கா."

அம்மா புடவையைக் கொடியில் திரும்பப் போட்டாள். கையை மட்டும் மண் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, உள்ளே போய் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் சாதம் வடித்தாள். பந்தியில் முதல் இலையில் அப்பா உட்கார்ந்து, இலையைச் சுற்றி நீர் விட்டுப் பரிசேஷணம் பண்ணி, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.